வால்ப்ரேயிலிருந்து ஒரு அடுப்பு மூடி

வென்பரி, இங்கிலாந்து
11 ஜனவரி 1927

திரு. ஹ்யூபர்ட் பார்கட் அவர்களுக்கு,

வணக்கம். வென்பரி ஆங்கில அகராதி அலுவலகத்தின் சொல்வரலாற்றுப் பிரிவிலிருந்து எழுதுகிறேன்.

தாங்கள் இப்பிரிவில் பணியாற்றிய காலத்தில் தயாரித்த சொற்களுள் 'கர்ஃபியூ' ஒன்று. ஊரடங்கு என்ற பொருளில் வழங்கும் அச்சொல்லுக்குத் தாங்கள் எழுதிய வரலாறு இது: லத்தீனில் வீட்டு அடுப்புக்கு 'ஃபோகுஸ்' என்று பெயர். நெருப்புக்கு வேறு சொல் இருந்தது. பிரெஞ்சுக்காரர் வாயில் அடுப்பின் பெயரே நெருப்புக்கும் ஆகி, 'ஃபூ' என்று தேய்ந்தது. அதை மூடுவது 'கூவ்ர்ஃபூ'. அது கடல் தாண்டி இங்கே வந்து 'கர்ஃபியூ' ஆயிற்று. இதுவரை யாருக்கும் மறுப்பில்லை.

மறுப்பு அடுத்த வரிக்குத்தான். இராத்திரி மணியடித்து ஊரை அடக்கும் ஆணைக்குப் பெயராவதற்கு முன், இது ஒரு சமையலறைச் சாமானின் பெயர், தணல் மேல் கவிழ்க்கும் மண்மூடியின் பெயர் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குச் சான்றாக பிரான்சில் உள்ள வால்ப்ரே ஊரின் 1260ஆம் ஆண்டு ஆணை ஒன்றைக் காட்டியிருக்கிறீர்கள். 1922இல் அலுவலகம் தங்களை அங்கே அனுப்பியபோது நேரில் பார்த்ததாகக் குறிப்பு. தலைமைப் பதிப்பாசிரியர் டாக்டர் ஸ்டான்வே இதைச் சரிபார்க்க வால்ப்ரே நகர்மன்றத்துக்கு எழுதினார். 1260ஆம் ஆண்டு ஆவணக் கட்டில் அப்படி ஓர் ஆணையே இல்லை என்று பதில் வந்திருக்கிறது.

இந்தப் பகுதி மார்ச் மாதம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் சான்று கிடைக்காவிட்டால் இந்தச் சொல் மட்டுமல்ல, தாங்கள் தயாரித்த அத்தனை சொற்களும் நீக்கப்படும். அவற்றை நம்பி ஒப்பமிட்டவர் பதவி விலக வேண்டியிருக்கும்.

தாங்கள் அந்த வரியைப் பார்த்தீர்களா இல்லையா என்பதை மறுதபாலில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
மி. பார்கட்

பின்குறிப்பு: இங்கே குளிர் கடுமை. தங்கள் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது என்பது அலுவலகக் கேள்வி அல்ல. பதில் எழுதுவது தங்கள் விருப்பம்.


வால்ப்ரே, நார்மண்டி
19 ஜனவரி 1927

மில்லி அக்காவுக்கு,

நாலரை வருடம் கழித்து உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே பார்த்தால் 'தாங்கள்'. எனக்கு மூக்குச் சிந்திவிட்டு வளர்த்தவள் நீ. 'தாங்கள்' என்று எழுத உனக்குக் கை வந்ததா?

கடிதத்தை வாசிக்கும்போது ஒடில் பக்கத்தில் நின்றாள்.

"யாரு, உங்க அக்காவா?"

"இல்ல. அகராதி ஆபீஸ்."

"ரெண்டும் ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டு வெண்ணெய் கடையப் போய்விட்டாள்.

கேள்விக்குப் பதில்: பார்த்தேன். இந்தக் கண்ணால்தான் பார்த்தேன். மாதா கோயில் மணிக்கூண்டுக்குக் கீழே ஓர் அறை இருந்தது, அப்போது பழைய ஆவணங்கள் எல்லாம் அங்கேதான். ஆட்டுத் தோலில் எழுதிய சின்ன ஆணை. ஒரு மூலையை எலி தின்றிருந்தது. படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன், கோயில்காரர் எட்டிப் பார்த்தார். இதையெல்லாம் நான் கனவு கண்டேன் என்கிறாரா ஸ்டான்வே? அவருக்கு உலகத்தில் எல்லாமே ராஜா உத்தரவில் ஆரம்பிக்க வேண்டும். அடுப்பங்கரையில் ஒரு சொல் பிறந்தால் அவருக்கு அது சொல்லே இல்லை.

எனக்கு வருத்தம் அவர் மேல் இல்லை. 'பார்த்தீர்களா இல்லையா' என்று நீ கேட்டாயே, அதுதான். ஒன்பது வருடம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து வேலை செய்தோம். ஒரு காற்புள்ளியையாவது நான் இட்டுக்கட்டி நீ பார்த்திருக்கிறாயா?

எனக்கும் ஒடிலுக்கும் நடந்த கல்யாணத்துக்கும் நீ வரவில்லை. கடைசி நிமிஷத்தில் வந்துவிடுவாய் என்று உனக்கு ஒரு நாற்காலி போட்டுக் காலியாகவே வைத்திருந்தோம். சாயங்காலம் இடம் போதாமல் அதன் மேல் கேக்கைத் தூக்கி வைத்தார்கள்.

ஒப்பமிட்டவர் பதவி விலக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். யார் அந்த அப்பாவி?

நெஞ்சுச் சளி பரவாயில்லை. நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

ஹ்யூபர்ட்


வென்பரி
27 ஜனவரி 1927

ஹ்யூபர்ட்,

அந்த அப்பாவி நான்தான். வேறு எவள் போட்டிருப்பாள்?

ஒருவர் பார்த்ததை இன்னொருவர் நகலோடு ஒப்பிட்டுவிட்டுத்தான், சொல்லையும் சான்றையும் எழுதிய சீட்டின் மூலையில் ஒப்பமிட வேண்டும் என்பது விதி. உனக்குத் தெரியாததல்ல. உன் சீட்டுக்கு நகல் எதுவும் வரவில்லை. 'அப்புறம் அனுப்புகிறேன்' என்றாய். தம்பிதானே என்று போட்டேன். அப்புறம் என்ற அந்த நாள் வரவேயில்லை. அதற்குள் உன் மூட்டை முடிச்சு கட்டியாகிவிட்டது.

நேற்று ஸ்டான்வே என் மேஜைக்கே வந்து நின்றார்.

"மிஸ் பார்கட், ஒண்ணு கேக்கணும். உங்க தம்பிய அந்த ஊருக்குச் சொல் பாக்கத்தான அனுப்பினோம்?"

"ஆமா சார்."

"பொண்ணு பாக்க இல்லயே?"

அறை முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து எழுதியது. எனக்குக் காது மடல் எரிந்தது. உனக்காக எரிந்ததா உன்னால் எரிந்ததா என்று தெரியவில்லை.

அவர் கணக்கு எளிமையானது. அந்தப் பிப்ரவரியில் நீ வால்ப்ரேயில் இருந்தது ஆணைகளைப் படிக்க அல்ல, ஒடிலின் வெண்ணெய்க் கடை வாசலில் நிற்க. ஊருக்கு எதையாவது கொண்டுவந்து காட்ட வேண்டுமே என்று ஓர் ஆணையை நீயே எழுதிக்கொண்டாய். 'ரொம்ப அழகான சான்று மிஸ் பார்கட், நெசமா இருக்க முடியாத அளவுக்கு அழகு' என்றார். நீ பொய் சொல்லமாட்டாய் என்று நான் அவரிடம் சொன்னேன். அவர் போன பிறகு இதை எனக்கு நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை சொன்ன அளவுக்குத் திடமாக வரவில்லை. இதை மறைத்து உனக்கு எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஏனென்றால், நீ வேலையை விடப்போவதை ஸ்டான்வேக்குச் சொன்னாய், வாசல்காரர் பிம்முக்குச் சொன்னாய், வீட்டுக்காரம்மாவுக்குக்கூடச் சொன்னாய். எனக்குக் கடைசியில் சொன்னாய். அதை மறைத்தவன் வேறு எதைத்தான் மறைக்கமாட்டான் என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. தோன்றினது தோன்றினதுதான்.

கோபம் சான்றாகாது, ஹ்யூபர்ட். நகர்மன்றத்துக்குப் போய் அந்தத் தோலைக் கண்டுபிடித்து நகல் எடுத்து அனுப்பு. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்தச் சீட்டுகளைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது.

விரல் விறைத்துப்போய் எழுதுகிறேன். காகிதம் நிறைந்த கட்டிடம் என்பதால் இராத்திரியில் நெருப்பே இருக்கக்கூடாது என்ற விதி இன்னும் மாறவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு பிம் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, நாங்கள் குளிர்காயும் அடுப்பில் ஊற்றுகிறார். காலையில் பதினொரு மணிவரை நாங்கள் கோட்டைக் கழற்றுவதில்லை.

மில்லிசென்ட்


வால்ப்ரே
5 பிப்ரவரி 1927

அக்கா,

உன் பெயர் அந்தச் சீட்டில் இருப்பது எனக்கு எப்படி மறந்துபோயிற்று என்றே தெரியவில்லை. படித்த அன்றைக்கே நகர்மன்றத்துக்குப் போனேன். கோயில் அறை ஒழுகுகிறது என்று எல்லா ஆவணங்களையும் இரண்டு வருடத்துக்கு முன் அங்கே மாற்றிவிட்டார்கள். பழைய அலமாரி எண்கள் எல்லாம் போயின. இப்போது வருட வாரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்பவர் மொசியே கோர்பெ. யாராவது ஒரு கட்டைக் கேட்டால் தன் சொத்தில் பாதியைக் கேட்டது மாதிரிப் பார்ப்பார்.

"1260 கட்டு வேணும்" என்றேன்.

"இங்கிலீஷ்காரங்களுக்கு அப்பவே இல்லன்னு எழுதிட்டேனே."

"நான் ஒரு தடவ பாத்துக்கிறேன்."

"அப்ப நான் பாத்தது பாத்ததில்லயா?"

கடைசியில் ஒடிலின் வெண்ணெய் ஒரு பொட்டலம் கைமாறியபின் கட்டு வந்தது. ஒவ்வொரு தோலாகப் புரட்டினேன். ஆற்றுத் தகராறு, மாவு மில் தகராறு, ஒரு பன்றியைப் பற்றிய தகராறு. என் ஆணை இல்லை. மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். எலி தின்ற மூலைகூட எதிலும் இல்லை. கோர்பெ கைகட்டி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வரும்போது, "வெண்ணெய் நல்லாருக்கு" என்றார். 

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நீ சந்தேகப்பட்டதை இப்போது நானே படுகிறேன். அந்தப் பிப்ரவரியில் நான் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, ஒடில் கடை திறக்கும் நேரத்தையும் சாத்தும் நேரத்தையும் தவிர வேறு நேரம் எனக்குத் தெரியவில்லை. அவள் வீட்டில் இருந்த அடுப்பு மூடியை நான் பார்த்துவிட்டு, அதற்குத் தோதாக மனசே ஓர் ஆணையை எழுதிக்கொண்டதோ? எனக்கு நன்றாக நினைவிருப்பதெல்லாம் ஆணையைப் படித்த அன்று நேராக அவள் கடைக்கு ஓடியதுதான். அவள் க்ரேப் வார்த்துக்கொண்டிருந்தாள், மெல்லிய கோதுமைத் தோசை. மெழுகுவர்த்தித் திருநாள். இங்கே அன்றைக்கு வீட்டுக்கு வீடு க்ரேப்தான். இடது கையில் ஒரு காசைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சட்டியைச் சுண்டி க்ரேப்பைத் தூக்கிப் போட்டுத் திருப்ப வேண்டும், கீழே விழாவிட்டால் அந்த வருடம் நல்லது. "இன்னிக்கித் தேதியிலயே ஒரு ஆணை படிச்சிட்டு வரேன். அறுநூறு வருஷத்துக்கு முந்தியும் இதே திருநாள் அன்னிக்குத்தான் எழுதியிருக்கான்" என்று நான் சொன்னேன். "அது இருக்கட்டும், இதப் பிடிங்க" என்று காசை என் கையில் வைத்தாள். அவ்வளவுதான், அதற்குமேல் ஆணையும் இல்லை, அகராதியும் இல்லை.

முந்தாநாளுக்கு முந்தின நாளும் அதே திருநாள். ஒடில் க்ரேப் வார்த்தாள். என்னால் ஒன்றுகூடச் சாப்பிட முடியவில்லை.

இதோடு இன்னொரு தாள் இருக்கிறது. அந்த ஆணை என் கற்பனை என்றும், நகல் வந்துவிட்டதாகப் பொய் சொல்லி உன் ஒப்பத்தை வாங்கினேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஸ்டான்வேயிடம் கொடு. என் சொற்கள் போகட்டும். உன் வேலை நிற்கும். எனக்கு இங்கே வெண்ணெய் இருக்கிறது, பசு இருக்கிறது. உனக்கு அந்த மேஜையை விட்டால் ஒன்றுமில்லை.

ஒடிலுக்கு இதைச் சொல்லவில்லை.

ஹ்யூபர்ட்


வென்பரி
11 பிப்ரவரி 1927

அட மடையா,

உன் தாளை அலுவலக அடுப்பில் போட்டுவிட்டேன். நன்றாக எரிந்தது. இவ்வளவு நாளில் நீ எழுதியதிலேயே அது ஒன்றுதான் பொய். அது எரிந்து முடியும்வரை பிம்மை வாளியோடு வாசலிலேயே நிறுத்தி வைத்தேன்.

தன் பெயரைக் கெடுத்துக்கொண்டாவது அக்காவைக் காப்பாற்றுகிறேன் என்பவன், சொந்தப் பெயருக்காக ஆணையை இட்டுக்கட்டுவானா? உன் தாளைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் விட்டுப்போயிற்று. ஆணையைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே விட்டுப்போயிற்று என்பதைக் குறித்துக்கொள்.

இனி ஆணைக்கு வருவோம். மெழுகுவர்த்தித் திருநாள் என்று உன் கைப்பட எழுதியிருக்கிறாய். அது எந்த மாதம்? பிப்ரவரி இரண்டு. பிப்ரவரி என்பது ஈஸ்டருக்கு முன்னா பின்னா? உங்கள் ஊரில் அந்தக் காலத்தில் வருடம் பிறந்தது எப்போது? ஜனவரியிலா? ஈஸ்டரில்தானே? ஈஸ்டர் வரும்வரை பிப்ரவரியும் மார்ச்சும் பழைய வருடத்தின் வால்தானே? நாம் 1260 பிப்ரவரி என்று சொல்வதை, அந்த ஆணையை எழுதியவன் 1259 என்றுதான் தேதி போட்டிருப்பான். அகராதி விதிப்படி நீதான் அதை இந்தக் காலத்துக் கணக்குக்கு மாற்றி, சீட்டில் 1260 என்று எழுதியிருக்கிறாய். சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். சீட்டில் நாம் வருடம் மட்டும்தான் எழுதுவோம், நாள் எழுதமாட்டோம். அதனால் இங்கே யாருக்கும் இது தட்டுப்படவில்லை. நீ க்ரேப்பைப் பற்றிப் புலம்பியிருக்காவிட்டால் எனக்கும் தட்டுப்பட்டிருக்காது.

கோர்பெ கட்டியிருப்பது தோலில் உள்ள தேதிப்படி. நீங்கள் இரண்டு பேரும் ஒரு வருடம் தள்ளித் தேடியிருக்கிறீர்கள்.

இந்த மாற்றுக் கணக்கை உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. தூக்கமில்லாதவனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடே மறக்கும்.

1259 கட்டைக் கேள். இப்போதே போ. இருந்தால் தந்தி கொடு. இல்லாவிட்டாலும் கொடு.

உன் அக்கா


வால்ப்ரே
19 பிப்ரவரி 1927

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். 'இருக்கிறது' என்ற ஒரு சொல்லுக்கு மேல் எழுத எனக்குக் கை ஓடவில்லை. தபால் ஆபீஸ் பெண், "இது மட்டும் போதுமா, பேரு வேண்டாமா?" என்று கேட்டாள். அவங்களுக்குத் தெரியும் என்றேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கோர்பெ வழக்கம்போல நின்றார்.

"1259 வேணும் மொசியே."

"போன தடவ 1260. இப்ப 1259. அடுத்தது நோவா காலமா?"

"ஆணை மெழுகுவர்த்தித் திருநாள் அன்னிக்கு எழுதினது. ஈஸ்டர் கணக்கு."

அவர் முகம் மாறவேயில்லை. "ஆமா, பிப்ரவரின்னா அதுலதான் இருக்கும்" என்றார்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"இது தெரியாம இந்த வேலையில இருப்பேனா?"

"அப்புறம் ஏன் இல்லன்னு எழுதினீங்க?"

"அவங்க கேட்டது 1260. நான் பாத்தது 1260. பிப்ரவரின்னு யாரு சொன்னா? 1259ன்னு யாரு கேட்டா?"

அவரை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று எனக்குப் புரியவில்லை. கட்டை அவிழ்த்தேன். எலி தின்ற மூலைதான் முதலில் கண்ணில் பட்டது. அக்கா, அந்த எலியை நான் கும்பிடுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். கோர்பெ தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, "தோல் மேல படாம அழுங்க" என்றார்.

நகலில் நகர்மன்ற முத்திரை வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். வரி இது: 'மணி ஓய்ந்ததும் ஒவ்வொரு வீட்டாரும் அடுப்பின் மேல் தம் கூவ்ர்ஃபூவைக் கவிழ்க்கக் கடவர். கூவ்ர்ஃபூ உடைந்துபோன வீட்டார் அண்டை வீட்டில் இரவல் கேட்டால், இல்லையென்று சொல்லலாகாது.' நான் அன்றைக்குச் சிரித்தது இதற்குத்தான்.

இராத்திரி ஒடிலிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உனக்கு அனுப்பிய தாளைப் பற்றியும். கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "உங்க அக்கா அத என்ன பண்ணாங்க?" என்றாள். அடுப்பில் போட்டுவிட்டாள் என்றேன். "அப்ப நல்லவங்கதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய், எங்கள் அடுப்பு மூடியைக் கழுவித் துடைத்து வைக்கோலில் சுற்ற ஆரம்பித்தாள். உனக்கு வருகிறது. ஸ்டான்வேயின் மேஜையில் வை. காகிதத்தை நம்பாவிட்டால் மண்ணையாவது நம்பட்டும் என்கிறாள்.

ஹ்யூபர்ட்


வென்பரி
8 மார்ச் 1927

அன்புள்ள ஹ்யூபர்ட்,

முடிந்தது. 'கர்ஃபியூ' நேற்று அச்சுக்குப் போயிற்று. சமையலறைச் சாமான் முதல் பொருளாகவும், ஊர் மணி இரண்டாவதாகவும் போயிருக்கிறது. உன் மற்றச் சொற்களில் ஒன்றின் மேலும் யாரும் கை வைக்கவில்லை. என் நெஞ்சில் இரண்டு மாதமாக உட்கார்ந்திருந்த பாறாங்கல் எழுந்து போய்விட்டது. நேற்றுச் சாயங்காலம் தேநீர்க் கடைக்குப் போய், யாரும் இல்லாமல் தனியாக உட்கார்ந்து இரண்டு பன் சாப்பிட்டேன்.

ஸ்டான்வே உன் நகலை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒடஞ்ச சட்டிக்குப் பதிலா இன்னொரு சட்டிய இரவல் வாங்கலாம். ராஜா ஆணைய இரவல் வாங்க முடியாது. சாமான்தான். ஒத்துக்கறேன்."

நகலை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"மிஸ் பார்கட், உங்க தம்பி பொண்ணு பாக்கத்தான் போனார்னு நெனச்சிட்டேன்."

"ரெண்டையும் பாத்திருக்கார் சார். ரெண்டும் சரியாத்தான் பாத்திருக்கார்" என்றேன்.

இதைச் சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே தெரிந்தது. வந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக இல்லை.

மூடி பத்திரமாக வந்து சேர்ந்தது. பாதி மணியைப் போலக் குனிந்த உருவம், மேலே கைப்பிடி, உள்பக்கமெல்லாம் கரி. அலுவலகமே கூடிவிட்டது. தண்ணீர் ஊற்றுவதற்குப் பதிலாக ஓர் இராத்திரி இதைக் கவிழ்த்துப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். ஸ்டான்வே யோசித்தார். "பிம் பக்கத்துலயே காவல் இருந்தா சரி" என்றார். பிம் வாளியோடு இராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். நானே என் கையால் தணல் மேல் மூடியைக் கவிழ்த்து, ஒரு இடுக்குகூட இல்லாமல் சுவரோடு சேர்த்து அழுத்தி வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் அத்தனையும் செத்துக் கிடந்தது. எல்லாரும் கோட்டோடு உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். பிம், "இதுக்கு என் வாளியே தேவல" என்றார்.

சொல்லுக்கு வரலாறு எழுதத் தெரிந்தவளுக்குச் சாமானைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று ஸ்டான்வே சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறார். ஒடிலிடம் கேட்டு எழுது. நான் கேட்டதாகவே சொல்.

மில்லி


வால்ப்ரே
16 மார்ச் 1927

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஒடிலுக்கு வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். 'ரெண்டும் சரியாத்தான் பாத்திருக்கார்' என்ற இடத்தில் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தடவை என்றாள்.

அடுப்புக் கதை வந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். "மூடச் சொன்னா கழுத்த நெரிச்சிருக்காங்க உங்க அக்கா. மூடறது அணைக்கிறதுக்கா? காலையில வேணும்னுதான மூடறோம்?"

அவள் சொன்ன முறை: தணலைச் சிதற விடாமல் பின்சுவர் ஓரமாகக் கூட்ட வேண்டும். அதன் மேல் சாம்பலைப் போர்த்த வேண்டும், பூத்தாற்போல, கனமாக அல்ல. பிறகு மூடி. சுவரோடு ஒட்டாமல் ஒரு பக்கம் விரல் நுழைய இடம் விட வேண்டும். அது மூச்சு விட. அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரியும்போது கோபத்தில் 'ஒரு வெண்ணெய்க்காரிக்காக அகராதியை விடுகிறாயா' என்று என்னிடம் கத்தினாயே. அதை வாய் தவறி அவளிடம் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று பயந்தேன். 'வெண்ணெய்க்காரி ஒடில்' என்று பலகை எழுதிக் கடைக்கு மேல் மாட்டிவிட்டாள். வியாபாரம் கூடிவிட்டது. நாலு வருடமாக உன் வசவில்தான் சாப்பிடுகிறோம். இதோடு வரும் பொட்டலம் அவள் கொடுத்தது. உப்புப் போட்டது, கெடாது.

ஈஸ்டருக்கு உங்கள் அலுவலகம் சாத்தியிருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. மேல் அறை ஒன்று காலியாக இருக்கிறது என்று மட்டும் ஒடில் எழுதச் சொன்னாள்.

ஹ்யூபர்ட்


வென்பரி
2 ஏப்ரல் 1927

அன்புத் தம்பி ஹ்யூபர்ட்டுக்கும் ஒடிலுக்கும்,

ஒடில் சொன்னபடியே செய்தேன். பின்சுவர் ஓரமாகக் கூட்டி, சாம்பல் போர்த்து, மூடியைக் கவிழ்த்து, என் சுண்டுவிரல் நுழைய இடம் விட்டேன். மறுநாள் காலை விடிந்ததும் விடியாததுமாக அலுவலகத்துக்கு ஓடினேன். பிம் தூங்கிக்கொண்டிருந்தார், வாளியில் தண்ணீர் அப்படியே இருந்தது. மூடியை எடுத்தேன். மேலே வெறும் சாம்பல். மறுபடியும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே கரண்டியால் கிளறினேன். உள்ளே சிவப்பாக இருந்தது.

நீறு பூத்த நெருப்பு என்று ஆயிரம் தடவை எழுதியிருப்பேன், என் கையால் ஒருமுறையும் கிளறிப் பார்த்ததில்லை. எல்லாரும் வருவதற்கு முன் கொஞ்ச நேரம் அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பற்றித்தான் நினைத்தேன், வேறென்ன. நாலரை வருடம் நான் இடுக்கு விடாமல் அழுத்தி மூடியிருக்கிறேன். அப்படியும் அணையவில்லை என்றால் அது என் சாமர்த்தியம் அல்ல.

ஒன்பது மணிக்கெல்லாம் அறை வெதுவெதுப்பாகிவிட்டது. ஸ்டான்வே வந்து கோட்டைக் கழற்றி மாட்டினார். அடுப்பின் முன் நின்று இரண்டு கையையும் நீட்டிக் காய்ந்தார்.

"உங்க தம்பியோட சான்று நல்லா சூடா இருக்கு மிஸ் பார்கட்" என்றார்.

வெண்ணெயைப் பற்றி ஒடிலிடம் சொல்: வீட்டுக்காரம்மாவுக்குக் கொஞ்சம் கொடுத்தேன், அவள் மறுநாளே கதவைத் தட்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். அந்தப் பலகை இருக்கட்டும். நான் வந்து அதன் கீழே நின்று, நான் சொன்னதற்கு நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கடிதத்தில் கேட்டால் நீ மொழிபெயர்ப்பில் எதையாவது கூட்டிக் குறைப்பாய்.

நியூஹேவனில் கப்பல் ஏறுகிறேன். சனிக்கிழமை மாலை உங்கள் ஊர் ரயிலில் வந்து இறங்குவேன், ஈஸ்டருக்கு முந்தின நாள். ஞாயிற்றுக்கிழமை வரலாமே என்று நீ கேட்பாய். உங்கள் ஊர்ப் பழைய கணக்குப்படி ஈஸ்டர் அன்றுதானே புது வருடம்? சண்டை பழைய வருடத்தோடு முடிந்துவிட வேண்டும். அன்றைக்கு இராத்திரி அடுப்பை நான்தான் மூடுவேன். ஒடில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளட்டும்.

என் நாற்காலியை எடுத்துப் போட்டுவை. இந்தத் தடவை அதன் மேல் கேக்கை வைத்துவிடாதே.

உன் அக்கா
மில்லி